சிலிண்டர்க்காரனும் சட்டமன்றமும்

அன்புள்ள நியேவெசுக்கு,

யாக்கிமாவிலிருந்து உன் கணவன் அபுந்தியோ எழுதுவது. நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். போன முறை நான் கத்தியது தப்பாகவே இருக்கட்டும். நீயும் கொஞ்சம் யோசித்துப் பார். நம் பையன் உலிசெஸின் முதல் நற்கருணைக்கு எவோதியோவை ஞானத்தந்தையாக நிறுத்தட்டுமா என்று கேட்கிறாய். ஊரில் வேறு ஆளே இல்லையா? கேஸ் சிலிண்டர் போடுகிறவன்தான் கிடைத்தானா?

எனக்கு வயிறு எரிகிறது, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நான் இங்கே ஏணி மேல் நின்று ஆப்பிள் பறிக்கிறேன். அவன் அங்கே சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே நம் அடுப்படிக்குள் போகிறான். இரண்டு பேருக்கு பீன்ஸ் வேகவைக்க எவ்வளவு கேஸ் ஆகும்? நம் பையன் வேறு, "அவர் நல்லவருப்பா, கூரை ஒழுகினதக்கூட அவர்தான் அடைச்சாரு" என்கிறான். அந்தக் கூரையை அடைக்க வேண்டியவன் நான். அவன் சிரிப்பு எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே பிடிக்காது.

அது கிடக்கட்டும், இங்கே ஒரு சேதி. குடியேற்றச் சட்டத்தை நாடு முழுக்க மாற்றச் சொல்லி எங்கள் மாநிலச் சட்டமன்றம் ஒரு தீர்மானம் போடுகிறது. பிரிந்து கிடக்கிற குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து பேச வேண்டும் என்றார்கள். தொழிலாளர் சங்கத்து ருத்தீலியா அக்கா என்னைத் தன் வண்டியில் கூட்டிப்போனாள். நான் பேசுவதை இங்கிலீஷில் சொல்வதும் அவள்தான். இந்த நாட்டில் இருக்க அனுமதிக் காகிதம் இல்லாதவன் அங்கே போய்ப் பெயரைச் சொல்வதா என்று பயமாகத்தான் இருந்தது. உனக்காகப் போனேன்.

வழியெல்லாம் பேச்சை மனப்பாடம் செய்தேன். உன் அம்மா சாகக் கிடந்தபோது நீ பையனோடு ஊருக்குப் போனது, எல்லையில் உன்னைத் திரும்ப விடாதது, நான் வந்தால் நானும் அங்கேயே மாட்டிக்கொள்வது, எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். மைக் முன்னால் உட்கார்ந்ததும் அத்தனையும் மறந்துபோனது. தீர்மானத்தை விசாரிக்கிற சட்டமன்றக் குழுவின் தலைவி, வயசான அம்மாள், அவரும் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவர்தானாம், "இந்தத் தீர்மானத்தால உங்களுக்கு என்ன நடக்கணும்?" என்று கேட்டார். நான் சொன்னது இதுதான்: "என் அடுப்படிக்குள்ள அந்த சிலிண்டர்க்காரன் வரக் கூடாது."

ருத்தீலியா அக்கா என்னை முறைத்தாள். முறைத்துவிட்டு அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தவன் அழுதுவிட்டேன். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அவர் சொன்னத எழுதிக்குங்க" என்றார்.

தீர்மானம் நிறைவேறியது. கைதட்டினார்கள். அப்படியானால் நியேவெஸ் எப்போது வரலாம் என்று அக்காவிடம் கேட்டேன். "வரலாம்னு யாருப்பா சொன்னா? சட்டத்த மாத்துற அதிகாரம் இவங்களுக்குக் கிடையாது. மாத்துங்கன்னு மேல உள்ளவங்களுக்கு எழுதுறாங்க, அவ்வளவுதான்" என்றாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் என்னைப் போல கடிதம்தான் எழுத முடிகிறது. பதில் வருமா என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது, ஞானத்தந்தை விஷயத்தைச் சொல்லி, இந்த அநியாயத்தைப் பாருங்க அக்கா என்றேன். அவள் வண்டியை ஓரம் கட்டினாள். "மடையா, ஞானத்தந்தை ஆயிட்டா அவன் உன் பொண்டாட்டிக்கு என்ன முறை? கூடப்பொறந்தவன் முறை. அப்புறம் வேற நெனப்போட அந்த வாசப்படிய மிதிச்சான்னா ஊரும் விடாது, சாமியாரும் விடமாட்டாரு. அவ கதவப் பூட்டப் பாக்குறா, நீ அவளப் போட்டுத் திட்டிட்டு வந்திருக்க" என்றாள்.

நம் ஊரில் பிறந்த எனக்கு இந்த முறை தெரியாதா? பொறாமை கண்ணை மறைத்துவிட்டது. பூட்ட வேண்டும் என்று உனக்கு ஏன் தோன்றியது, அவன் ஏதாவது சொன்னானா, இல்லை உனக்கே ஏதாவது மனசில் வந்ததா என்றுதான் யாக்கிமா வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம், இதற்குப் பதில் எழுதாதே. நானும் கேட்க மாட்டேன்.

எவோதியோவையே நிறுத்து. மெழுகுவர்த்தி அவன் வாங்கட்டும், அதுதான் முறை. பையனுக்கு வெள்ளைச் சட்டை நான்தான் அனுப்புவேன், அதையும் அவனை வாங்க விட்டுவிடாதே. இனிமேல் அவன் உன்னை நியேவெஸ் என்று கூப்பிடக் கூடாது, ஊர் கேட்க கொமாத்ரே என்று முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நானும் அவனைக் கொம்பாத்ரே என்று கூப்பிட்டுத் தொலைக்கிறேன். போட்டோ எடுக்கும்போது பையன் நடுவில் நிற்கட்டும்.

மாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். நன்றாகப் பூட்டிக்கொள், நியேவெஸ். நான் வந்து தட்டினால் மட்டும் திற. அதுவரை அந்த கேஸைக் கொஞ்சம் சிக்கனமாக எரி.

உன்னுடைய,
அபுந்தியோ