அணைக்க மறந்த மைக்

இயேசுவின் அன்பில் என் செல்ல மகள் சிட்டுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் கர்த்தருடைய கிருபையால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் அவள் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள், ஒத்துக்கொண்டால் மாடி ஏறித் துணி காயப்போடச் சொல்லிவிடுவேனாம். உன் தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், காலையில் அவன் வண்டியைக் கிளப்பும் சத்தத்தில் தெருவே எழுந்துவிடுகிறது. கடையில் வேலைக்குக் குறைவில்லை, வெயில் ஏறினால் கெட்டுப்போன ஃபேன் எல்லாம் என் மேஜைக்கு வந்துவிடும். நீ அனுப்பிய போட்டோவில் இளைத்துத் தெரிகிறாய், கேமரா அப்படித்தான் காட்டும் என்று சாக்குச் சொல்லாதே, நேரத்துக்குச் சாப்பிடு. போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதம் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், இது பாதியில் நிற்கக் கூடாத விஷயம்.

நம் ஆலயத்துப் பாட்டு மாஸ்டர் விஷயம். அந்தப் பேரைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே. பாட்டு அறையில் உன்னை யாரோ ஒரு பையனோடு பார்த்தேன் என்று அவர் சபைக் கமிட்டி முன்னால் சொன்னதும், அது நான் இல்லைப்பா என்று நீ அழுததும், பேசி முடித்த சம்பந்தம் கைவிட்டுப் போனதும், நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போனதும் நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அன்றிலிருந்து அவர் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. ஆலயத்து மைக் செட்டை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டேன், அந்த ஒயரெல்லாம் நான் இழுத்தது, வேறு ஒருவன் கை வைத்தால் பிரசங்கத்துக்கு நடுவில் ரேடியோ பாடும். அவர் பாடும்போது சத்தத்தை ஏற்றி இறக்குகிற கை என்னுடையதுதான், அதில் நான் ஓரவஞ்சனை செய்ததில்லை, செய்ய ஆசை வந்ததுண்டு.

போன சனிக்கிழமை மதியம் ஸ்பீக்கரில் ஏதோ இரைச்சல் வருகிறது என்று போதகர் கூப்பிட்டார். எந்த மைக்கிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வெளி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, எல்லா மைக்கையும் திறந்து வைத்து ஹெட்போனில் ஒவ்வொன்றாகக் கேட்பேன், பிறகு போட்டுப் பார்க்க ரெக்கார்டரையும் ஓடவிடுவேன், அது என் வழக்கம். ஆலயத்தில் ஈ காக்கை இல்லை. கேட்டுக்கொண்டே வருகிறேன், சட்டையில் மாட்டுகிற மைக்கில் யாரோ மூச்சு விடுகிற சத்தம். காலையில் பயிற்சி நடத்திய மாஸ்டர் அதை அணைக்க மறந்து, மாட்டியபடியே பின்பக்கம் பாட்டு அறையில் இருந்திருக்கிறார். நாற்காலி நகர்ந்தது, முழங்கால் தரையில் பட்டது, பிறகு கர்த்தாவே என்று ஒரு குரல். கமிட்டியில் மேஜை அதிரப் பேசுகிற குரலா இது என்று எனக்கே நம்ப முடியவில்லை, அடி வாங்கிய பிள்ளையின் குரலாக இருந்தது. அடுத்து அந்தக் குரல், அந்தச் சிட்டுப் பொண்ணு, என்றது.

என் கை தானாகச் சத்தத்தைக் கூட்டப் போனது. இத்தனை வருஷமாக நான் கேட்கத் துடித்த வார்த்தை அடுத்த மூச்சில் வரலாம், அன்று உன்னைப் பற்றிச் சொன்னது பொய் என்று அவர் வாயாலேயே வரலாம். வந்துவிட்டால் மறுநாள் ஆராதனையில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், சபை முழுக்கக் கேட்கும், உன் பேரில் பூசிய சேறு கழுவிப் போய்விடும். மகளுக்காகத்தானே செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன் பார், பாவம் எவ்வளவு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அந்த நேரத்தில்தான் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு மனுஷன் தன்னைப் படைத்தவரோடு தனியாக இருக்கிறான், அந்த இடத்தில் நான் செருப்புக் காலோடு நிற்கிறேன் என்று தோன்றியது. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். மேஜையில் வைத்த பிறகும் அது கொசு மாதிரி முனகியது, காது அந்தப் பக்கமே போனது. அதன் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஓடாத குறையாக வெளியே வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

அங்கே நின்று யோசித்தேன். ஆண்டவருடைய காதில் எல்லார் மைக்கும் எந்நேரமும் திறந்தே இருக்கிறது, சிட்டு. அந்த மனுஷனை நான் மனசுக்குள் திட்டியது, அவர் பேரைக் கேட்டாலே நான் பல்லைக் கடித்தது, ஆராதனையில் உட்கார்ந்துகொண்டே அவருக்குக் கேடு நினைத்தது, ஒன்று விடாமல் ஆண்டவர் கேட்டிருக்கிறார். ஒரு தடவைகூட அதை ஸ்பீக்கரில் போட்டு என்னைச் சந்தி சிரிக்க வைத்ததில்லை. இவ்வளவும் கேட்டுவிட்டு இவ்வளவு பொறுமையா என்று வியந்துபோனேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன் போல, காவலாளி பக்கத்தில் வந்து, என்னண்ணே, வெயில் தலைக்கேறிடுச்சா என்று விசாரித்தார்.

தப்பித்தேன் என்று மூச்சு விட்ட பிறகுதான் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. உள்ளே போனபோது மாஸ்டர் கிளம்பியிருந்தார், மைக் அதன் பெட்டியில் இருந்தது. ரெக்கார்டரில் இருந்த சின்ன மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், கேட்கவும் துணிவில்லை, அழிக்கவும் மனசில்லை. அம்மாவிடம் சொன்னேன். என் பொண்ணு பேரு அதுல இருக்கு, போடுங்க கேப்போம் என்று கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்தே போட்டுவிட்டாள். நான் கார்டை அவள் முன்னால் வைத்தேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவள், அவர் இதை நம்மகிட்டயா சொன்னாரு என்று கேட்டாள். பிறகு, நான் பார்க்கும்போதே அழிச்சிடுங்க, நீங்க கடைக்குப் போனதும் எடுத்துப் போட்டாலும் போட்டுடுவேன், என்னை நம்பாதீங்க என்றாள். இத்தனை வருஷம் கூடக் குடும்பம் நடத்திய பெண்ணைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். என்னால் முடியாது என்று அவ்வளவு பளிச்சென்று சொல்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை. அவள் கண் முன்னாலேயே அழித்தேன்.

உன் பேர் இருந்த ஒன்றை உன்னைக் கேட்காமல் அழித்திருக்கிறேன். உன்னைக் கேட்டிருந்தால் என்னாலேயே தாங்க முடியாத சோதனையை அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிற உன் தலையில் கட்டியிருப்பேன். உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம், திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அவர் மன்னிப்புக் கேட்டாரா, இல்லை இன்னும் உன்னைக் குறைதான் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

இதோடு முடிந்தது என்று இருந்தேன். புதன்கிழமை மாஸ்டர் ஒரு அயர்ன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார், சூடாகவில்லை என்றார். கழற்றிப் பார்த்தால் ஒரு பழுதும் இல்லை, பிளக்கில் சொருகினேன், நெருப்பாகச் சுட்டது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவர், சிட்டு நம்பர் கிடைக்குமா, அதுகிட்ட ஒண்ணு பேசணும் என்றார். ஹெட்போனில் கேட்ட அதே குரல். அன்று கேட்டதை நான் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே. பிள்ளையைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன், தலையை ஆட்டினார், அயர்ன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனார். நம்பரைக் கொடுக்கலாமா வேண்டாமா என்பதை நீ சொல்லு. வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன், நச்சரிக்க மாட்டேன், உன் மனசை உனக்குப் பதிலாக அப்பா திறக்க முடியாது.

உன் அறையில் ஹீட்டர் பிளக் தீய்ந்த வாடை அடிக்கிறது என்றாயே, ஆள் வந்து மாற்றுகிற வரைக்கும் அதைத் தொடாதே. வேலை நெருக்குகிற நாளிலும் ஜெபத்தை விடாதே. ஆண்டவர் நீ போகிற வழியிலும் நீ படுக்கிற அறையிலும் உன்னோடு இருந்து காப்பாராக, அம்மாவும் தம்பியும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். இன்னும் ஒன்று, இதை மறக்காதே. நீ அவரோடு பேசினால், அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லாதே. அம்மாவிடமும் சொல்லாதே, அவளிடம் சொன்னது அடுத்த நிமிஷம் என் காதுக்கு வந்துவிடும். கேட்க வேண்டும் என்கிற ஆசை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

உனக்காக ஜெபிக்கிற
அப்பா