மூச்சு சாகக்கூடாது

ஜனவரி 8

என் மூச்சுவைக் கொல்லச் சொல்லிவிட்டார். மதியம் தி.நகர் அலுவலகத்தில், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. பரத்வாஜ் சார்தான் எங்கள் காமிக்ஸுக்கு ஆசிரியர், முதலாளி எல்லாம். "வஜ்ரனோட முந்நூறாவது இதழ்ல அவ போயிடட்டும், ஃபிர்தௌஸ். வஜ்ரன் அழுதா நன்னா விக்கும்."

வஜ்ரன் நாற்பது வருடமாகப் பறக்கிறவன். மூச்சு நேற்று வந்தவள். அடையாறு பஸ்ஸில் கண்டக்டர். அவள் மூச்சைப் பிடித்தால் சுற்றியுள்ள எல்லாம் அப்படியே நின்றுவிடும், அவள் மட்டும் நடமாடலாம். விட்டால் மறுபடி எல்லாம் ஓடும். அவ்வளவுதான் அவள் சக்தி.

"யார் மனசுலயும் நிக்கலையேம்மா" என்கிறார். எப்படி நிற்பாள்? விற்பனை சரிந்தால் கதையைப் பாதியில் வெட்டிவிட்டு, புது உடுப்பு மாட்டி, மறுபடி 'முதல் இதழ்' என்று போடுகிறார். முதல் இதழ்தான் விற்குமாம். அவளுக்கு நான்கு முதல் இதழ் வந்தாயிற்று. மாதத்துக்கொரு பள்ளிக்கூடம் மாற்றினால் எந்தப் பிள்ளைக்கு சிநேகிதம் ஒட்டும்?

ஜனவரி 12

மயிலாப்பூர் புத்தகக் கடையில் வாசகர் சந்திப்பு. சிம்ரா என்றொரு கல்லூரிப் பெண் மூச்சுவின் எல்லா முதல் இதழ்களையும் கொண்டுவந்திருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிளாஸ்டிக் உறைமேலேயே கையெழுத்துக் கேட்டாள்.

"எந்த இடம்மா பிடிச்சுது?"

"பிரிக்கலக்கா. பிரிச்சா வேல்யூ போயிடும்."

சிரித்துவைத்தேன். ஆட்டோவில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணை என்ன சொல்ல? நாங்கள்தான் அப்படிப் பழக்கினோம்.

ஜனவரி 19

சைஃப் வரைந்தே முடித்துவிட்டான்! ஆரம்பத்திலிருந்து மூச்சுவை வரைந்தவன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடையாறு ஆற்றின்மேல் திரு.வி.க. பாலம். வில்லன் அடித்துப்போட்ட மூச்சு, கண்மூடி வஜ்ரன் மடியில். பக்கத்தில் வெடிக்கப்போகும் குண்டு. வஜ்ரன் கன்னத்தில் கண்ணீர். கடைசிக் கட்டத்தில் அவள் உடல் காற்றில் கரைந்துபோயிற்றாம்; மடி காலி, வஜ்ரன் வெறுங்கையோடு மண்டியிட்டிருக்கிறான்.

"நான் வரையலன்னா வேற ஆள் வரைவாங்கக்கா. அவ மூஞ்சியாச்சும் சரியா வரட்டும்னுதான்" என்றான். போடா, இனிமே என் மூஞ்சில முழிக்காதே என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பேச்சுக் குமிழ்கள் காலியாக இருக்கின்றன. படம் முடிந்த பிறகு வசனம் எழுதுவதுதான் எங்கள் வழக்கம். அதாவது அவளுடைய சாவை நான்தான் எழுதவேண்டும்.

ஜனவரி 20

கை ஓடவில்லை.

ஜனவரி 21

கடைசிக் கட்டத்தில் குண்டைக் காணோம். சைஃப் வரைய மறந்தானா? அவனா மறப்பான்?

காலையிலிருந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு எழுதினேன். மடியில் கிடப்பவளுக்கு ஒரு நினைப்பு: "மூச்சைப் பிடித்தாயிற்று. பாவம் வஜ்ரன் சார், கண்ணீர்கூடப் பாதியில் நிற்கிறது. எழுந்துபோய்க் குண்டைத் தூக்கவேண்டும்." கடைசிக் கட்டத்தில், ஆள் தெரியாமல் ஓரத்திலிருந்து அவள் குரல் மட்டும்: "ஆற்றில் போட்டாச்சு சார். இனி நீங்கள் அசையலாம்."

கண்டுபிடித்தால் வேலை போய்விடும். போனால் எங்கே போவேன்? தமிழில் காமிக்ஸ் எழுத எத்தனை அலுவலகம் இருக்கிறது? பயமாக இருக்கிறது. மாற்றி எழுதவும் முடியவில்லை.

ஜனவரி 22

பக்கங்களை அவர் மேஜையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். படத்தை மட்டும் பார்த்தார். மடியில் கிடக்கும் பக்கத்தில் விரல் நின்றது.

"கண்ணீர் நன்னா வந்திருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

"வசனம் படிக்கலையா சார்?" ஏன் கேட்டேன்? சனியன் பிடித்த வாய்!

"என்னத்தப் படிக்கறது? நாப்பது வருஷமா வஜ்ரன் அதையேதானே பேசிண்டிருக்கான்."

பிப்ரவரி 5

இதழ் வந்துவிட்டது. வஜ்ரனின் பழைய வாசகர்கள் காலையிலிருந்து போனில் திட்டித் தீர்க்கிறார்கள். எங்கள் வஜ்ரனை ஒரு பொம்பளை பொம்மையாக்கிவிட்டாளே என்று.

பரத்வாஜ் சார் முகம் சிவந்துவிட்டது. "என் முதுகுல குத்திட்டியே! உன்னை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்?" அது சுட்டது. சைஃப் எழுந்து, "குண்டை வேணும்னுதான் சார் விட்டேன்" என்றான். இரண்டு பேரையும் வெளியே நிற்கவைத்தார்.

சாயங்காலம் கூப்பிட்டார். "சாகலைன்னு அச்சாயிடுத்து. இனி என்ன பண்றது? வஜ்ரன் இதழ்ல கடைசி எட்டுப் பக்கம் தரேன். அட்டையில படம் கிடையாது, புது உடுப்பு கிடையாது, முதல் இதழ் கிதழ்னு வந்து நிக்காதே. மாசாமாசம் எழுதிண்டே கிட. யார் படிக்கறான்னு பாப்போம்."

தண்டனை என்று நினைத்துத் தருகிறார். இனி பள்ளிக்கூடம் மாற்றாமல் அவள் ஒரே இடத்தில் இருக்கப்போகிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பு தெரியாமல் இருக்க.

ஏப்ரல் 9

மூச்சுவின் எட்டுப் பக்கத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டக்கூட ஆள் இல்லை. இப்படியே போனால் நிறுத்திவிடுவார்.

ஜூன் 14

அலுவலகத்துக்கு ஒரு போன். ஆதம்பாக்கத்திலிருந்து கோமளமாம். எடுத்ததுமே சண்டை.

"இன்னாம்மா எழுதி வச்சிக்கீறீங்க? டிப்போ ஆபீஸராண்ட மூச்சு மன்னிப்பு கேக்குறா? செய்யாத தப்புக்கு அவ கேப்பாளா?"

வேலை போய்விடும் என்ற பயத்தில் கேட்கிறாள் என்று விளக்கினேன்.

"பயமா? அவளுக்கா? போன மாசம் அந்த ரவுடியாண்ட எப்டி நின்னா! அவ அப்டியாப்பட்ட ஆளே கெடையாது. யார்மா இத எழுதுறது?"

"நான்தாங்க. அவளை உண்டாக்கினதே நான்தான்."

"உண்டாக்கினா? அவளத் தெரிஞ்சிக்கினு எழுது." வைத்துவிட்டார்.

சைஃபைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். இரண்டு பேரும் திரும்பத் திரும்பப் படித்தோம். அந்த அம்மா சொல்வதுதான் சரி. மூச்சு மன்னிப்புக் கேட்டிருக்கமாட்டாள்.