ஃப்ரீசரில் ஒரு பொட்டலம்

உங்களுக்கு,

“ஏன்டி, பூச்சி தின்னுற செடிக்கு வாரிசு தேடுறியே, யாருக்காக?” என்று அக்கா கேட்டாள். இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் மகரந்தம் சேர்த்து விதைபோட்ட குடுவைச் செடி ஒன்பது வருடம் கழித்துப் பூத்திருக்கிறது. பெண் செடி. ஆண் செடி நீங்கள் போகும்போது உங்களோடு போய்விட்டது.

ஃப்ரீசரில் நீங்கள் விட்டுப்போன மகரந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். கட்டிதட்டிச் செத்திருந்தது. அடிக்கடி வெளியே எடுத்தால் ஈரம் கோத்துவிடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பொட்டலத்தின் மேல் இருக்கும் உங்கள் கையெழுத்தைப் பார்க்க எடுப்பேன்.

புது மகரந்தம் அனுப்புங்கள். பூ இன்னும் சில நாள்தான் தாங்கும்.

செடிக்காக மட்டும் எழுதுகிறவள்

மறுநாள்: பூ கருகிவிட்டது. கடிதத்தை அனுப்பவில்லை. பொட்டலத்தைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தேன்.