இடது பக்கக் கதவு

மச்சான்,

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குச் சீத்தாப்பழம் வந்துவிட்டது. வண்டி நிறையக் கண் விரிந்த பழங்கள். அந்த வாசம் என்னை மார்க்கெட் வாசலிலேயே சட்டையைப் பிடித்து நிறுத்தியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பெங்களூரில் முப்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் நட்ட நடுவில் நின்றுபோனாலும் கயிற்றைப் பிடித்து இறங்கி, கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டு ரிப்பேர் பார்ப்பவன் என்று மாரிகுப்பம் ரயிலில் ஒரு பெட்டி பாக்கி இல்லாமல் சொல்லித் திரிகிற மகாவீரன் நான். அந்த மகாவீரன் ஒரு பழ வண்டியைப் பார்த்து எதிர்ப்பக்கம் ஓடினேன். குறுக்கே வந்த ஆட்டோக்காரர் கன்னடத்தில் என் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்.

நீங்கள் இல்லாமல் வரும் முதல் பருவம் இது. போன வருடம் இதே நாட்களில், உங்கள் வீட்டுக் கூடத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுளையாகப் பிதுக்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். மகளுக்கு இருபத்து நாலு வயது, பெங்களூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைக்கு வந்திருந்தாள்.

"இன்னும் இன்னாத்துக்கு அவளுக்குக் கொட்டை எடுத்துனு கீறே? அன்னிக்கு எடுக்காம வுட்டுட்டு இப்ப எடுக்கறாரு பாரு, தொர!" என்றாள் அக்கா.

நீங்கள் நிமிரவே இல்லை. மூன்று கிண்ணங்களில் சுளைகளைப் பங்கிட்டு, ஒன்றை என் பக்கம் தள்ளினீர்கள். "துன்னு மாப்ளே."

தின்றேன். கொட்டை இல்லாத பழம், வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்தக் கிண்ணம்தான் இப்போது என்னை எழுத வைக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? உங்கள் மூக்கிலிருந்தே தொடங்குகிறேன். நம் தங்கச் சுரங்கத்தில், மைன்ஸில், நீங்கள் காற்றுப் பிரிவு. பூமிக்குள் எந்த வழியில் நல்ல காற்று போகிறது, எந்த வழியில் கெட்ட காற்று திரும்புகிறது என்று பார்த்து, கதவு மூடித் திறந்து, ஆயிரம் பேரின் மூச்சைக் காத்த மனிதர். பிரம்மதேவனுக்கு அடுத்தபடியாக உயிர் கொடுக்கிற உத்தியோகம் உங்களுடையதுதான் என்று உங்கள் கல்யாணத்திலேயே நான் மைக் பிடித்துப் பேசினேன். ஆனால் வருடக்கணக்காக வெடிப்புகை குடித்து உங்கள் மூக்கு செத்துப்போயிருந்தது. கருவாடும் சாம்பிராணியும் உங்களுக்கு ஒன்று. மைன்ஸ் மூடி, பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போன பிறகும் அது திரும்பவில்லை.

அதனால்தான் உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் வாயில் நாற்றம் வரத் தொடங்கியபோது, ஊரில் அதை அறியாத ஒரே ஜீவன் நீங்கள் ஆனீர்கள். அவளும் உங்கள் பக்கத்தில் மட்டும்தான் முகத்தைத் திருப்பாமல் பேசினாள்.

மற்றவர்களுக்கு மூக்கு வேலை செய்தது. எனக்கு வாயும் வேலை செய்தது. வெடி வைக்கிற நேரத்தில் எல்லோரும் கேஜ் கூண்டில் மேலே ஏறிவிட வேண்டும், புகை அடங்குகிற வரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது, இல்லையா? ஒருநாள் அவள் என்னிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் இரண்டு கையையும் தூக்கி, "பிளாஸ்டிங்! பிளாஸ்டிங்! எல்லாரும் மேல ஏறுங்க, கேஜ் புறப்படுது!" என்று கத்தினேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் கண்ட வெற்றிகளிலேயே பெரியது அது. ஒரு வாரத்தில் 'பிளாஸ்டிங்' அவள் பெயராகி, மைன்ஸ் லைன் வீடுகள் முழுக்கப் போய், பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அவள் கபடி ஆடிக்கொண்டிருந்தாள். பள்ளி டீமில் ரெய்டு போகிறவள். எதிராளி முகத்துக்கு நேரே மூச்சை விட்டுப் பாடிக்கொண்டே போக வேண்டிய ஆட்டம். "நீ தொடவே வேணாம்டி, வாயைத் தொறந்தா போதும், ஏழு பேரும் அவுட்டு" என்று அதற்கும் ஒரு பட்டயம் கொடுத்தேன். மாவட்டத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கிற நாளில் அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். கால் வலி என்றாள். அதற்குப் பிறகு அவள் மைதானம் பக்கமே போகவில்லை. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொண்டாள். வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

அக்கா செய்யாத வைத்தியம் இல்லை. இரண்டு வேளை பிரஷ் நாலு வேளை ஆனது. கிராம்பு, ஏலக்காய், உப்புத் தண்ணீர். பல் டாக்டர் ஒரு பல்லை அடைத்துவிட்டு, பல்லில் வேறு குறை இல்லை என்று அனுப்பினார். அதோடு நம் லைனில் உள்ள பெரியவர்கள் அனைவரும் கூடி ஒரே தீர்ப்பு எழுதினார்கள்: வயிறு. நம் ஊர் ஆட்களுக்கு வேறெப்படித் தோன்றும்? கெட்ட காற்று என்றால் அது அடியிலிருந்துதான் வரும், ஆழமான லெவலிலிருந்துதான் வரும். தலைமுறை தலைமுறையாகப் பார்த்த பாடம். இரண்டு வருடம் அவளுக்குப் பூச்சி மாத்திரை, விளக்கெண்ணெய், கேஸுக்குப் பாட்டில் மருந்து. ஒரு சளி மட்டும் அவளை விடவே இல்லை. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சளி யாருக்குத்தான் இல்லை?

அக்கா மறைத்தே வைத்திருந்ததால், அந்தத் தேர்வு நாளுக்குப் பிறகுதான் உங்களுக்கு விஷயமே தெரிந்தது. அக்கா அழுதுகொண்டே சொன்னாளாம். மறுநாள் ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்: "என் ஒடம்புல எறங்கின பொகை மாப்ளே. அதான் புள்ளைக்கு ரத்தத்துல வந்துட்ச்சி போல."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என்னை வரச் சொன்னீர்கள். அவளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தீர்கள்.

"எனக்கு மூக்கு இல்ல. உன் மூக்கு வேணும். வா, கிட்ட உக்காரு."

"நான் எதுக்கு மச்சான், அக்கா கீறாளே..."

"அவ பொய் சொல்வா, புள்ள மனசு நோவும்னு. நீ சொல்ல மாட்டே."

மச்சான், என்னை யாரும் அதற்கு முன்பும் பின்பும் உண்மை பேசுகிறவன் என்று நம்பியதில்லை.

"மூக்கைப் பிடிச்சிக்கினு வாயால ஊதும்மா," என்றீர்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் முகத்தில் ஊதினாள். ஏலக்காய் வாசம். வேறொன்றும் இல்லை.

"இன்னா மாப்ளே?"

"ஒண்ணுமில்ல மச்சான். சத்தியமா."

"இப்ப வாயை மூடு. மூக்கால வுடு."

வந்தது. செத்த எலி கிடக்கிற சந்து மாதிரி. நான் தலையை ஆட்டினேன். அவள் கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் நிறுத்தவில்லை. உங்கள் கட்டைவிரலால் அவள் இடது மூக்கை மெல்ல அடைத்தீர்கள். "வுடு." காற்று தாராளமாக வந்தது, வாசம் இல்லை. பிறகு வலதை அடைத்தீர்கள். காற்று சரியாக வரவேயில்லை. திக்கித் திணறிக் கொஞ்சம் வந்தது, அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருந்தது.

"இடது பக்கக் கதவு," என்றீர்கள். "உள்ள எங்கியோ அடைச்சிக்கினு கீது. வயிறும் இல்ல, பல்லும் இல்ல. ஒம் மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு."

இத்தனை பேர் பாதாளம் வரை தோண்டித் தேடியது சுரங்கம் இறங்குகிற ஷாஃப்ட் வாயிலிலேயே இருந்தது. மூக்கில்லாத மனிதர் அதைக் கண்டுபிடித்தார். அன்று நான் உங்களைப் புகழ்ந்து ஒரு காவியமே பாடியிருக்க வேண்டும். பாடவில்லை. உள்ளே அடைத்திருக்கிறது என்று நீங்கள் சொன்னபோதே எனக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. அதைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோலாரில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா விளக்குப் போட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், மயக்கம் கொடுத்து எடுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கல். ஸ்டீல் தட்டில் வைத்து நம் மூவருக்கும் காட்டினார். இடுக்கியால் அழுத்தினார். ஓடு உடைந்தது. உள்ளே கறுப்பாக, வழவழப்பாக ஒரு விதை.

"சின்ன வயசுல போட்டிருப்பா. அதைச் சுத்திக் கல் கட்டியிருக்கு. பத்து வருஷம்கூட இருக்கும்," என்றார் டாக்டரம்மா.

அக்காவுக்கு உடனே நினைவு வந்துவிட்டது. "நான் பங்காருபேட்டைக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கு மூக்குல ரத்தம் வந்து அழுதுனு இருந்தாளே! புள்ளையப் பாத்துக்கய்யான்னு உங்கிட்டதானே வுட்டுட்டுப் போனேன்? தூங்கினியா நீ?"

நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தீர்கள் அன்று. தூங்கித்தான் இருந்தீர்கள். தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த காதின் படத்தை, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கேளுங்கள். அன்று நான் அங்கே இருந்தேன். நீங்கள் முன்னறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, நான் அடுப்படியில் உங்கள் நாலு வயது மகளுக்குச் சீத்தாப்பழம் ஊட்டிக்கொண்டு வித்தை காட்டினேன். விதையை மூக்கில் போடுவது போலப் போட்டு உள்ளங்கையில் ஒளித்து, வாயிலிருந்து எடுப்பேன். அவள் கைதட்டினாள். கைதட்டல் கிடைத்தால் நான் எங்கே நிற்பேன்? "சர்க்காரு எல்லா மைன்ஸையும் மூடிட்டாங்க. மூடாத ஒரே மைன்ஸ் இந்த மூக்குதான்! இங்க விதையைப் போட்டா வாயில தங்கம் வரும்!" என்றேன்.

கை கழுவித் திரும்பினால், அவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள். தும்மினாள். ஒன்றும் விழவில்லை. "தங்கம் வர்ல மாமா," என்றாள். விதை எங்காவது உருண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உங்களை எழுப்பாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். நான் வந்து போனது உங்கள் இருவருக்குமே தெரியாது. அவளுக்கும் நினைவில்லை.

தட்டில் அந்த விதையைப் பார்த்தபோது சொல்லியிருக்கலாம். ரயிலில் சொல்லியிருக்கலாம்; தினமும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த ரயிலில் நான் சொல்லாத பொய் இல்லை. இந்த ஒரு உண்மைக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. பத்து வருடம் அக்கா உங்களைக் குத்திக்காட்டினாள், விருந்தாளி முன்னால்கூட. நீங்கள் கொட்டை எடுத்தீர்கள். நான் கிண்ணத்தை வாங்கினேன்.

பழ வண்டியைக் கண்டு ஓடிய அன்று சாயங்காலம் உங்கள் மகளுக்கு போன் செய்து எல்லாம் சொன்னேன்.

"போட வெச்சதும் நீங்க. பிளாஸ்டிங்னு பேரு வெச்சதும் நீங்கதான், இல்ல மாமா?"

"ஆமாம்மா."

"அப்பா என்கிட்ட எத்தனை தடவை சாரி கேட்டாரு தெரியுமா? எங்கிட்ட சொன்னது போதும். அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள். மச்சான், அவள் இன்னும் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாற்றம் போய்ப் பத்து வருடமாகிவிட்டது, கை மட்டும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போனேன். துடைப்பத்தை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா, அவரு இருந்தப்ப சொல்லியிருந்தா, அவரு உன்ன ரெண்டு சாத்து சாத்திட்டு மறந்திருப்பாரு. நானும் ஒரு தட்டு சோத்தைப் போட்டு வாயை மூடிக்கினு இருந்திருப்பேன். இப்ப நீ எங்கிட்ட எறக்கிட்டே. நான் யாருகிட்ட எறக்கறது?"

என் பாரத்தைக் குறைக்கப் போய் அவளுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டேன். இனி இரண்டையும் நான்தான் சுமக்க வேண்டும். உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றேன். பைத்தியமா என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. வாசல் வரை வந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன் மச்சான். என் சரக்கு ஒரு சொல்கூட இதில் இல்லை.

"நீ தூங்கினது தப்பில்ல, நைட்டெல்லாம் நின்னுட்டு வந்தே, நான்தான் தெரியாம பேசிட்டேன்னு எழுது. இன்னொண்ணும் எழுது. திட்டும்போது ஒரு வார்த்த திருப்பிச் சொல்லியிருக்கலாமேய்யா, இன்னாத்துக்குச் சும்மா இருந்தே நீன்னு கேளு."