வியாழக்கிழமை சொன்ன எட்டு மணி

அக்கா,

நேற்று உங்கள் மகள் உங்கள் தையல் பெட்டியை எனக்கென்று கொண்டுவந்து தந்தாள். நூல்கட்டைகளுக்கு அடியில் அந்த நீலப் பேனா கிடந்தது. கடுதாசியில் கீறிப் பார்த்தேன், மை காய்ந்துவிட்டது. ஏழு வருடமாக அதை ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்க இப்போது நீங்கள் இல்லை. நீங்கள் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், வெட்கம்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு வியாழக்கிழமை. வீட்டு வேலை செய்யும் எங்களுக்கு அன்று பின்னேரம் ஓய்வு. அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் பங்குக் கோயிலின் மண்டபத்தில் கூடுவோம். இத்தாலியின் வடக்கிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்திருந்தாள். ஐரோப்பாவின் பல நகரங்களில் வேலை செய்பவர்களின் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் கேட்டு எழுதுகிறாளாம். பதில் சொல்பவர்களுக்கு ஆளுக்கொரு நீலப் பேனா. கொஞ்சம் இத்தாலியன் தெரிந்த என்னை மொழிபெயர்க்க இருத்தினார்கள். எனக்கு அன்று தலைகால் தெரியாத பெருமை.

எல்லோரும் பின்னுக்கு நிற்க, முதலில் வந்து உட்கார்ந்தது நீங்கள்தான். சம்பளத்தை மறைக்காமல் சொன்னீர்கள், நானும் அப்படியே சொன்னேன். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டாள்.

"விடிய அஞ்சு மணிக்கு எழும்பினால் கிழவி படுக்கப் பத்து மணியாகும், பிள்ளை. சாமத்திலையும் ரெண்டு மூண்டு தரம் கூப்பிடும். ஒண்டும் குறைக்காமல் சொல்லு."

நான் "ஒத்தோ" என்றேன். எட்டு.

நீங்கள் பார்த்துக்கொண்ட அந்தக் கிழவியின் மகள்தான் என் சிஞ்ஞோரா, நான் வேலை செய்த வீட்டுக்காரி. உங்களை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். அவள் கடிதம் தராவிட்டால் இங்கே தங்குவதற்கான என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. பெயர் எழுதமாட்டேன் என்று அந்தப் பெண் இரண்டு தரம் சொன்னாள். அதை உங்களுக்குச் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன், நான்தான் நம்பவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பேனாவை வாங்கிக்கொண்டு எழும்பினீர்கள். இத்தாலியன் விளங்காத மனுசி என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அங்கிருந்து பல்லாரோ சந்தைக்குப் போனோம். மீன்காரன் எட்டாயிரம் லீரா என்றான். நீங்கள் அவன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, "ஒத்தோ? நோ, நோ. சேய்!" என்று ஆறாயிரத்துக்கு இறக்கினீர்கள். பையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் காது சுட்டது. மீனில் பாதியை என் பைக்குள் போட்டுவிட்டு நீங்கள் சொன்னீர்கள்:

"நீயும் அவளவையோடை இருந்து பிழைக்க வேணுமெல்லோ. வா, பஸ் போகப்போகுது."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மீனை அன்று சமைத்துச் சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

எனக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. நீங்கள் அந்த வீட்டில் இன்னும் நாலு வருடம் இருந்தீர்கள். எத்தனை மணி நேரம் என்ற அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டது அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்திதான். எங்கோ ஒரு புத்தகத்தில் நீங்கள் எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு ஆறுதலாக நித்திரை கொள்கிறீர்கள். அந்த நித்திரையை உங்களுக்குக் கொடுத்தவள் நான்.

பேனாவுக்குப் புது மைக்குச்சி வாங்கிப் போட்டேன். இதை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன். விடிய ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை. சாமத்தில் இரண்டு மூன்று தரம்.

ஒன்றும் குறைக்கவில்லை, அக்கா.