ரம்யா கொடுத்துவிட்ட மட்டை

ஞாயிறு இரவு, ஆவடி

தூக்கம் வரவில்லை. மகள் ரம்யா பத்தாவது என்பதால் ஜூனிலேயே கேபிளை வெட்டினோம். ஷட்டில் விளையாடப் போவதையும் நிறுத்தினோம். அவள் சண்டை போடவில்லை. அடக்கமான பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஷட்டில் மட்டையைக் கீழ்வீட்டுப் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். "பொண்ணுக்குப் பொறுப்பு வந்துட்ச்சி" என்று மனைவியிடம் சொன்னேன். சாயங்காலம் பார்த்தால் கையில் வாட்சும் இல்லை. அதைத் தோழிக்குக் கொடுத்தாளாம்.

"இன்னாத்துக்குமா எல்லாத்தையும் குடுத்துகினு கீற?"

"எனக்கு இனிமே வேணாம் நைனா."

அந்த 'இனிமே' எனக்குப் பொறுப்பாகப் படவில்லை. வாய்விட்டே கேட்டுவிட்டேன். "செத்துடலாம்னு தோணுதாமா?"

இல்லை என்பாள் என்று நம்பித்தான் கேட்டேன். "அப்பப்போ" என்றாள். பிறகு வெகுநேரம் அழுதாள். அவள் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

நாளை கம்பெனிக்கு லீவு. மூவரும் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறோம். படிப்பு கிடக்கட்டும்.

இப்போது எங்கள் நடுவில் தூங்குகிறாள். அவள் புரளும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டுப் பார்க்கிறேன். கண் மூடுமுன் ஒன்று கேட்டாள்.

"நைனா, அந்த மட்டைய திருப்பிக் கேட்டா தப்பா?"

கீழ்வீட்டில் எத்தனை மணிக்குக் கதவு திறப்பார்களோ தெரியவில்லை.