ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயர்

அன்பு ராஜு,

வரும் வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். உன் அக்கா இறந்த பிறகும் ஞாயிறு தவறாமல் ஜீவனஹள்ளியிலிருந்து என்னைப் பார்க்க வந்தவன் நீ ஒருவன்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகள் யாரோடும் பேசாமலே கழிகின்றன.

போன மாதம் உன் மனைவி ஸ்டெல்லா உன் அலமாரியை ஒழித்தாள். இரண்டு பழைய ஹார்ட் டிஸ்க்குகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதை மட்டும் தூக்கிப் போட விடவே மாட்டாரு அண்ணா. என்னான்னு பாருங்க."

ஒன்றின் மேல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஸ்டிக்கர். இன்னொன்றில் டிஸ்க்கைத் தயாரித்தவனின் பெயர். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

தொண்ணூறுகளில் நான் பத்திரிகை நிருபராக இருந்தபோது ஒரு கல்லூரி ஆசிரியர் என்னை அழைத்து, புதுக் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். டிஸ்க்கின் ஸ்டிக்கரை உரித்தால் அடியில் வேறு கம்பெனியின் பெயர். 'போலி டிஸ்க்குகள்' என்று எழுதினேன். விற்ற கடையின் பெயரைப் போடவில்லை, கேட்கவும் இல்லை. அது உன் கடை என்பது செய்தி வந்த மறுநாள்தான் தெரிந்தது.

நீ வந்தாய். கோபமே இல்லை. "டிஸ்க் பண்றவன் ஒருத்தன், மாமா. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் அவன்கிட்ட வாங்கித் தன் பேரை ஒட்டிக்கிறான். ஆளு ஒண்ணுதான், யூனிஃபார்ம் வேற."

"நிரூபிக்க முடியுமா?" என்றேன்.

"நிரூபிச்சா, தப்புன்னு உங்க பேப்பர்ல போடுவீங்களா? விடுங்க, காபி ஆறுது."

கல்லூரி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியது. கடையை மூடிவிட்டு இன்னொருவர் கடையில் வேலைக்குப் போனாய். கல்யாண வீடுகளில் உன் பங்காளிகள், "டூப்ளிகேட் ராஜு வந்துட்டான். பொண்ணு ஒரிஜினலான்னு அவனைப் பாக்கச் சொல்லு" என்பார்கள். அதே பந்தியில் நானும் இருந்தேன். குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உன் வீட்டு மூலையில் கிடந்த அதே ரகக் கம்ப்யூட்டரை எடுத்துவந்து இரண்டு டிஸ்க்குகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஸ்டிக்கருக்கு அடியில் அதே மாடல் எண். திருகுத் துளைகள் அதே இடங்களில். ஓடத் தொடங்கும்போது அதே முனகல். ஒரே ஒரு வித்தியாசம்: டிஸ்க்கைச் சோதிக்கும் அந்தக் கம்பெனியின் சொந்த புரோகிராம், ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்கை மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. மற்றதை மாட்டினால், டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிட்டது. நான் போலி என்று எழுதியதுதான் அந்த இயந்திரத்துக்கு உரிய டிஸ்க்.

இதை என்னிடம் காட்டத்தான் பத்திரமாக வைத்திருந்தாயா? அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் ஒருமுறைகூடக் கொண்டுவரவில்லை? நானே கேட்கட்டும் என்று இருந்தாயா?

என் பழைய பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். இப்போதைய ஆசிரியர் நல்ல பிள்ளை. "அந்தக் கம்ப்யூட்டரே இப்ப யார்கிட்டயும் இல்லியே சார். திருத்தம் போட்டா யாருக்கு?" என்றார். உனக்கு என்று சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தச் செய்தி தவறு. கடைக்காரர் விற்றது அசல். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியவன் நான்.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் உனக்கான பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் ஸ்டெல்லா வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். இலை போடுவதற்கு முன் எழுந்து நின்று இதை வாசிப்பேன். யாராவது சிரித்தால், மறுபடி முதலிலிருந்து வாசிப்பேன்.

உன் அக்காவைக் கட்டியவன்,
உன் மாமா